திஸ்கியில் ஒரு பழைய தமிழ்ப் பக்கம்: மூன்றாவது வாரம்

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதுதான் வேலை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றம் பரவுவதற்கு முன்னால் தமிழ் இணையப் பக்கங்கள் எப்படி இருந்தனவோ அப்படியே ஒன்றைக் கையால் கட்டிப் பார்க்கிறேன். மேல்பூச்சு மட்டும் பழசாக இருந்தால் போதாது, உள்ளே எழுத்தும் திஸ்கியிலேயே (தமிழ் எழுத்துகளுக்கு 255 வரையிலான எண்களைக் கொடுத்த பழைய குறியேற்றம்) இருக்கவேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

தோற்றம் சுலபமாக வந்துவிட்டது. 800-க்கு 600 திரையில் அடங்க 760 பிக்சல் அகலத்தில் ஒரு டேபிள், அதற்குள் இரண்டு டேபிள், இடைவெளி விட ஒரே பிக்சல் அளவுள்ள கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படம், நிறமெல்லாம் எந்தத் திரையிலும் சரியாகத் தெரியும் என்று அப்போது பயன்படுத்திய 216 நிறப் பட்டியலிலிருந்து. 'நல்வரவு' என்று ஓடும் மார்க்கீ இன்றைய உலாவியிலும் ஓடுகிறது, பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். எழுத்தைக் கண்சிமிட்ட வைக்கும் பிளிங்க்தான் இல்லை, ஃபயர்ஃபாக்ஸ் 2013-லேயே எடுத்துவிட்டது, சிஎஸ்எஸ் அனிமேஷனால் சரிக்கட்டினேன்.

எழுத்துதான் படுத்தி எடுத்தது. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் சேமிக்கவேண்டும்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முன்னால், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி பின்னால். இதை மாற்றித் தர பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அந்தக் காலத்துப் பக்கங்களில் போடுவதுபோல எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்று குறியேற்றத்தைக் கொடுத்தால் எழுத்துரு ஒட்டவே இல்லை, இன்றைய உலாவி அந்த எண்களை வேறெங்கோ கொண்டுபோய் வைக்கிறது. ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 குறியேற்றம் என்று மாற்றியதும் பளிச்சென்று தமிழ் வந்தது.

ஆனால் 'இந்தியா' என்று அடித்த இடத்தில் 'ந்தியா' என்று நிற்கிறது, 'இலங்கை'யும் 'லங்கை'. இரண்டு ராத்திரி என் நிரலில்தான் பிழை என்று தேடினேன். திஸ்கியில் இ உட்கார்ந்திருப்பது 173-ஆம் இடம், உலாவிக்கோ அது வரி உடையும்போது மட்டும் தலைகாட்டும் இணைப்புக்கோடு, அதனால் மறைத்துவிடுகிறது. திஸ்கியின் 1.7 பதிப்பு அட்டவணையில் 254-ஆம் இடத்தில் இன்னொரு இ இருப்பதைப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது. அதை எழுதியவர்கள் மேல் அப்படியொரு மரியாதை வந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கணினியில் திறந்தேன். அங்கே திஸ்கி எழுத்துரு கிடையாது, அதனால் தலைப்பில் தமிழுக்குப் பதில் முக்கால் குறி, தலையில் கோடு இழுத்த ஆங்கில ஏ, சென்ட் குறி, கோடு இழுத்த யு, இவ்வளவுதான் தெரிகிறது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இது 'தமிழ்' தானே?" என்றாள். அந்தக் காலத்தில் ஃபிளாப்பியில் எழுத்துருவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போவோம், அங்கே ஏற்ற விடாத நாட்களில் இந்தக் கிறுக்கலையே பார்த்துப் பார்த்து நாலைந்து சொல் எங்களுக்குப் பழகியிருந்தது. இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு அது மறக்கவில்லை என்பது எனக்கு என்னவோ செய்துவிட்டது.

அடுத்த வாரம் முகப்பில் 'இப்பக்கத்தைப் படிக்க எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற பொத்தானும் வருகையாளர் எண்ணிக்கையும். எண்கள் கறுப்புப் பின்னணியில் பச்சையாகத்தான் இருக்கவேண்டுமாம், அக்கா சொல்லிவிட்டாள்.