காந்தம் வருமுன் பதினெட்டு ஊசி

மூளை அறுவை அரங்கில் ஸ்கிரப் நர்ஸாக இருக்கிறேன். கத்தி, கத்தரி, ஊசி, பஞ்சு எதுவானாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதுதான் பிழைப்பு. எங்கள் அரங்குக்குள்ளேயே எம்ஆர்ஐ, அதாவது பெரிய காந்தத்தைக் கொண்டு உடலுக்குள் படமெடுக்கும் ஸ்கேன் கருவி, வரப்போகிறது என்றபோது, அது ஸ்கேன்காரர்கள் பாடு என்று இருந்துவிட்டேன். கடைசியில் என் தலையில்தான் வந்து விடிந்தது.

அறுவைக்கு நடுவில் ஸ்கேன் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மண்டையோட்டைத் திறந்ததும் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிகிறது, மூளை சற்று அமிழ்கிறது. கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகர்கிறது. முந்தின நாள் எடுத்த படத்தை நம்பிப் போனால் இடம் தப்பும். போதாததற்கு, மெதுவாக வளரும் சில கட்டிகள் பார்வைக்கு நல்ல மூளையைப் போலவே இருக்கும். இதற்காகத்தான் 1994இல் பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் இரண்டு காந்த வளையங்களுக்கு இடையே மருத்துவர் நின்று வேலை செய்யும்படி ஒரு கருவியை நிறுவினார்கள். எங்களுக்கு வந்தது வேறு வகை. நோயாளி மேசையை விட்டு அசைய வேண்டாம், பக்கத்து அறையிலிருந்து காந்தம் கூரைத் தண்டவாளத்தில் நகர்ந்து அவரிடம் வரும். கனடாவின் கல்கரியில் 1990களில் உருவான யோசனை இது.

கருவி நிறுவனத்திலிருந்து வந்த பயிற்சியாளர் முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. நூலில் கட்டிய ஒரு காகிதக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு காந்தத்தை நோக்கி நடந்தார். சில அடிகளில் கிளிப் தொங்குவதை மறந்தது. நூல் தரைக்கு இணையாக விறைத்து நிற்க, அதன் நுனியில் கிளிப் துடித்தது. "இப்போது கருவி ஓடவில்லை" என்றார். படம் எடுக்காதபோதும் காந்தம் அணைவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் வலிமை 1.5 டெஸ்லா. காந்தப்புலத்தை அளக்கும் அந்த அலகில் 1.5 என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு.

பிறகு ஒத்திகைகள். எங்களில் ஒருவரே நோயாளியாகப் படுத்துக்கொள்வார். முதல் ஒத்திகையிலேயே வாசலில் என்னை மடக்கினார்கள். சட்டைப்பையில் கத்தரிக்கோல்! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது, அது இருப்பதே எனக்குத் தெரியாது. அன்றிரவே பையைத் தைத்து மூடிவிட்டேன்.

நிறுவனம் தந்த சரிபார்ப்புப் பட்டியலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது கருவியின் வரிசையில் இருந்தது, எங்கள் கைகள் வேலை செய்யும் வரிசையில் இல்லை. உட்கார்ந்து மாற்றி எழுதினோம். வயர்கள் சுருண்டு கிடக்கக் கூடாது, சூடேறித் தோலைச் சுடும். நோயாளியின் கை தொடையில் படக் கூடாது, நடுவில் பஞ்சணை வேண்டும். காதுகளில் அடைப்பான் வைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு எதற்குக் காதடைப்பு என்று சிரித்தேன். தூங்கினாலும் காது தூங்காது, அந்த இரைச்சல் கெடுப்பதைக் கெடுத்துவிடும் என்றார் மயக்க மருத்துவர்.

முதல் அறுவை வந்தது. நான்கு மணி நேரத்துக்குப் பின் மருத்துவர் நிமிர்ந்து, "எடுத்தாகிவிட்டது, ஸ்கேன் பார்க்கலாம்" என்றார். எண்ணினேன். பலகையில் எழுதியிருந்த கணக்கு பதினெட்டு ஊசி, என்னிடம் பதினேழு. மறுபடியும் எண்ணினேன். பதினேழு.

வாசலில் நின்ற டெக்னீஷியன் எங்கள் எல்லோரிலும் இளையவர். காந்தம் வரும் கதவைத் திறக்கும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

"காயத்துக்குள் இல்லை, நான் பார்த்துவிட்டேன்" என்றார் மருத்துவர்.

"அறைக்குள் இருக்கிறதே, டாக்டர்."

கதவு திறக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்தப் பையனுக்கு நல்ல வசவு கிடைத்திருக்கும். தட்டுகள், குப்பை வாளி, செருப்படி எல்லாம் தேடினோம். பதினோரு நிமிடம் கழித்து, மேசையோர விரிப்பின் மடிப்பில் கறுப்புப் பட்டுநூல் ஓர் அங்குலம் எட்டிப் பார்த்தது. இழுத்தால், மறுமுனையில் ஊசி.

காயத்தை மூடிப் போர்த்திவிட்டு வெளியே வந்தோம். கண்ணாடிக்கு அப்பால் காந்தம் தேர் அசைவது போல மெல்ல வந்து நோயாளியின் தலையைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. போய்வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரையில் குழியின் பின்சுவரோரம் பிறைபோல ஒரு வெண்கீற்று, எடுபடாமல் மிஞ்சிய கட்டி. மருத்துவர் அதை வெகுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மறுபடி கை கழுவப் போனார். இரண்டாவது ஸ்கேனுக்கு முன் எண்ணினேன். முதல் தடவையிலேயே பதினெட்டு. பிறையும் போயிருந்தது.

மாலையில் நோயாளி கண் விழித்தார். வலது கையைத் தூக்கச் சொன்னோம், தூக்கினார். பெயர் கேட்டோம், சரியாகச் சொன்னார். பிறகு முகத்தைச் சுளித்து, இடது காதில் என்னவோ அடைத்திருக்கிறது என்றார்.

காதடைப்பான் வைப்பது பட்டியலில் இருந்தது. எடுப்பது இல்லை.