சாளக்கிராமம் அடைந்தோம்

ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான திவ்யதேசங்கள் நூற்றெட்டில் நூற்றைந்தைச் சேவித்துவிட்டவர் என் மாமியார். திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போகிற இடங்கள் இல்லை. பாக்கி இருந்தது, திருமங்கையாழ்வார் சாளக்கிராமம் என்று பாடிய நேபாளத்து முக்திநாத் ஒன்றுதான். மாமனார் இருந்தபோதே முடிந்துவைத்த மஞ்சள் துணிக் காணிக்கை பெருமாள் அலமாரியில் கிடந்தது. ஹெலிகாப்டர் ஏற்பாடு செய்யலாம் என்று என் கணவர் கட்டணத்தைச் சொன்னதும், “ஆழ்வார் என்ன பறந்தா போனார்?” என்று மாமியார் கேட்டுவிட்டார். அதற்குமேல் வீட்டில் பேச்சில்லை. ரயில், ஷேர் டாக்சி, பஸ், ஜீப் என்று முடிவாயிற்று.

கோரக்பூர் நடைமேடையின் நீளம் 1,366 மீட்டர். எங்கள் பெட்டி நின்றது அதன் ஒரு கோடியில், வெளியே போகும் வழி இருந்ததோ மறு கோடியில். ஸ்டேஷன் வாசலில் “சோனௌலி, சோனௌலி” என்று கூவிக்கொண்டிருந்த டாக்சிக்காரர் இதோ கிளம்புகிறேன், இதோ கிளம்புகிறேன் என்றே சொல்லி, பத்தாவது ஆள் கிடைக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. லூதியானாவில் வேலை முடித்து ஊர் திரும்பும் நேபாளிக் குடும்பம் ஒன்று பிரஷர் குக்கர் பெட்டியும் மின்விசிறியுமாக எங்கள் மடிமேல் பாதி உட்கார்ந்து வந்தது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

சோனௌலியில் எல்லை என்பது ஒரு வளைவுதான். அதன் அடியில் சைக்கிள் ரிக்‌ஷாக்களும் லாரிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. நமக்கு விசா தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். ஆனால் தரகர்கள் விடுவார்களா? “அனுமதிச் சீட்டு இல்லாமல் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்” என்று ஒருவர் பயமுறுத்தினார். இன்னொருவர் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நூறு இந்திய ரூபாய்க்கு நேபாளப் பணம் 160 என்பது நிலையான கணக்கு. “இன்றைக்கு 150தான்” என்றார் மூன்றாமவர். முப்பது வருடம் வங்கியில் பணத்தை எண்ணிய என் கணவரிடமா!

அந்தப் பக்கம் போனதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளினோம். பஸ் டிக்கெட்டில் விக்கிரம ஆண்டு எழுதியிருந்தது. நம் கணக்குக்கு ஐம்பத்தேழு வருடம் முன்னே ஓடுகிற ஆண்டு. “அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம்” என்றார் மாமியார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் புட்வல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொக்ராவுக்குச் சுமார் 180 கிலோமீட்டர்தான், பொழுது முழுவதும் அதற்கே போயிற்று. வளைவுக்கு வளைவு யாராவது பாலிதீன் பை கேட்டார்கள். வெங்காயம், பூண்டு சேராத மாமியாருக்கு வழியெல்லாம் வெறும் சோறும் தயிரும், நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலும்தான்.

பொக்ராவில் அன்னபூர்ணா பகுதிக்கான பெர்மிட் வாங்கிக்கொண்டு, பேனி வழியாக ஜீப்பில் கிளம்பினோம். ஒரு பக்கம் தவளகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா. இரண்டுமே 8,000 மீட்டருக்கு மேல். நடுவே கருநிறத்தில் காளி கண்டகி. தாதோபானிக்கு மேலே மலைச்சரிவு இடிந்து பாதையை மூடியிருந்தது. இயந்திரம் மண்ணை அள்ள அள்ள மேலிருந்து இன்னும் கொட்டியது. பொழுது சாயும்வரை காத்திருந்தோம். கடைசியில், நடந்து தாண்டினால் அந்தப் பக்கம் வேறு ஜீப் இருக்கிறது என்றார்கள். மடிசாரும் கான்வாஸ் ஷூவுமாக நின்ற மாமியாரை எங்கள் ஓட்டுநர்ப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் முதுகில் ஏற்றிக்கொண்டான். ஈரமண்ணில் கணுக்கால் வரை புதைய அவன் நடந்தான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “சாளக்கிராமம் அடை நெஞ்சே” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார். கொடுத்த பணத்தை அவன் வாங்கவில்லை. அவன் குலம் தழைக்க வேண்டும்.

மூச்சு பழகட்டும் என்று ஜோம்சோமில் தங்கினோம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், அங்கிருந்து ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். முற்பகல் கடந்தால் காற்று ஆளையே தள்ளும். காக்பேனியில் ஆற்றங்கரையில் என் கணவர் மாமனாருக்குத் தர்ப்பணம் செய்தார். எள் கைவிட்டு இறங்குவதற்குள் ஒருவர் “அசல் சாளக்கிராமம், சுதர்சன சக்கரம்” என்று கல்லை நீட்டினார். பெருமாளுக்கு விலை பேசுவதா என்று மாமியார் பார்த்த பார்வையில் ஆள் அடுத்த குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார்.

ராணிபௌவாவிலிருந்து டோலியில் மேலே போனோம். கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் காளைமுகத் தாரைகள் நூற்றெட்டு, உருகிய பனியாகக் கொட்டுகின்றன. தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று நாங்கள் கெஞ்சினோம். மாமியார் கேட்கவில்லை. முதல் தாரையில் தலையைக் கொடுத்து “திருவரங்கம்” என்றார். அடுத்தது “உறையூர்”. பிறகு தஞ்சை மாமணிக்கோயில், அன்பில், கரம்பனூர், வெள்ளறை. தாரைக்கு ஒரு திவ்யதேசம்! எல்லோரும் ஓடிக் கடக்கிற இடத்தில் அவர் நின்று, சேவித்து, நகர்ந்தார். பின்னால் வந்தவர்கள் ஹிந்தியிலும் தெலுங்கிலும் திட்டினார்கள். சோழநாடு முடிந்து காஞ்சிபுரம் வருவதற்குள் எனக்குப் பற்கள் தந்தியடித்தன. அவருக்குக் குரல் போய் உதடு மட்டும் அசைந்தது, வரிசை தப்பவில்லை. கடைசித் தாரைக்கு வந்ததும் கைகூப்பி அப்படியே நின்றுவிட்டார். “அம்மா, பரமபதத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, வெளியே வா!” என்று என் கணவர் கத்தினார். அழுதுகொண்டே சிரித்தோம்.

சந்நிதியில் செல்போனை உயர்த்திப் பிடித்த ஒரு கூட்டம். முழங்கையால் இடித்தே முன்னேறுகிறார்கள், பெருமாளை நேரே பார்த்தவர் எத்தனை பேரோ! உள்ளே இருந்த பௌத்தப் பிக்குணி கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினார். ஈரப்புடவையோடு நின்ற மாமியாரைச் சைகை செய்து அருகில் அழைத்தார். ஸ்ரீதேவி, பூதேவியோடு பொன்னாக வீற்றிருக்கிறார் ஸ்ரீமூர்த்தி. விரல்கள் விறைத்திருந்ததால் மஞ்சள் முடிச்சை மாமியாரால் அவிழ்க்க முடியவில்லை. பிக்குணிதான் பல்லால் கடித்து அவிழ்த்து, காசுகளை அவர் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் வீட்டில் தளிகை பண்ணும் சமையலறைக்குள் யாரையும் விடாத மாமியார், அந்தக் கையாலேயே தீர்த்தம் வாங்கி, கண்ணில் ஒற்றி உட்கொண்டார்.

எங்கள் மடியில் பாதி உட்கார்ந்து வந்த நேபாளிக் குடும்பத்துக்கு, முதுகு கொடுத்த பையனுக்கு, அந்தப் பிக்குணிக்கு, இறங்கும் வழியில் சுக்குநீர் போல் ஏதோ காய்ச்சிக் கொடுத்த விடுதிக்காரப் பெண்ணுக்கு எல்லோருக்கும் பெருமாள் அருள் இருக்கட்டும். கண்டகித் தீர்த்தம் வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். தாரை வரிசையை மாமியார் முதலிலிருந்து சொல்வார். அவசரமாகக் கிளம்ப வேண்டியவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.