கோடு போட்ட கட்டம்

புகையிலை சாம்பிள் வந்தால் எங்கள் லேபில் முகம் சுளிக்காத ஆள் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பூச்சிமருந்து எச்சம் பார்ப்பது என் வேலை. தக்காளி என்றால் அரைத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் சேர்த்துச் சுழற்றினால் மருந்து கரைந்த அடுக்கு மேலே தெளிவாக நிற்கும். புகையிலையில் அதே அடுக்கு டிக்காஷன் மாதிரி இருக்கும். நிகோட்டின், மெழுகு, பிசின் எல்லாம் மருந்தோடு சேர்ந்து வந்துவிடும். கரித்தூள் போட்டுச் சுத்தம் செய்யாமல் அளக்கும் கருவியில் ஏற்றினால், மறுநாள் முழுக்கக் கருவியைத் துடைக்க வேண்டியதுதான்.

அந்தப் பிசின்தான் விஷயமே. அகலமான, ரோமம் அடர்ந்த இலை. வெட்டுப்புழுவுக்கும் அசுவினிக்கும் அடிக்கிற மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அறுத்த பிறகு யாரும் கழுவுவதில்லை. பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். பதப்படுத்தும்போது தண்ணீர் போய்விடும், மருந்து அந்த அளவுக்குப் போவதில்லை. அதனால் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் கூடிவிடும்.

எதிர்வீட்டு ஆயா காலிஃபிளவரை மஞ்சள் வெந்நீரில் ஊறவைத்துவிட்டுத்தான் நறுக்குவார். வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றிக் கேட்டேன். "அத்தப் போயி யாராவது கழுவுவாங்களாடி?" என்றார்.

மண் சாம்பிளும் சில சமயம் கூடவே வரும். ஆங்கில வி வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் குழி தோண்டி எடுத்தது. விவசாயத்தில் டிடிடி என்ற பழைய பூச்சிமருந்துக்கு இந்தியாவில் 1989-லேயே தடை. ஆனாலும் அது சிதைந்து உண்டாகும் டிடிஇ மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். ஆகவே "இந்த வருஷம் என்ன அடித்தீர்கள்?" என்று கேட்டால் மட்டும் போதாது. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் மண்ணில் இருந்தால் அவற்றை வேரே உறிஞ்சி இலைக்கு ஏற்றிவிடும்.

புகையிலையே புற்றுநோய் தரும், அதில் மருந்து இருந்தால் என்ன என்று லேபிலேயே கேட்கிறார்கள். புற்றுநோய் சரிதான். ஆனால் வயலில் புகையிலைச் செடியின் பக்கச் சிம்பு (பக்கத் துளிர்) ஒடிக்கிறவர்கள் புகையிலை போடாதவர்களாகவும் இருக்கலாமே. ஈர இலையைத் தொட்டால் நிகோட்டின் தோல் வழியே இறங்கி வாந்தி, தலைச்சுற்றல் வரும். அடித்த மருந்தும் அதே கையில்தான்.

காய்கறி ரிப்போர்ட்டில் 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று ஒரு கட்டம் உண்டு. உணவுக்கான அந்தப் பட்டியலில் புகையிலை இல்லை. ஏற்றுமதிக்காரர்கள் கோரெஸ்டா என்ற புகையிலை ஆராய்ச்சி அமைப்பின் வழிகாட்டு அளவைப் போடச் சொல்வார்கள்; அது சட்டம் அல்ல. உள்ளூர் சரக்கு என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவேன்.