ஆய்வு முடிந்ததும் நிரல் எங்கே போகிறது?

சென்னையின் வெள்ளம், நிலத்தடி நீர், காற்று மாசு பற்றியெல்லாம் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஆய்வுகளுக்குக் கணக்குப் போட்ட கணினி நிரலும் தரவும் பல நேரம் ஒரு மாணவரின் லேப்டாப்போடு நின்றுவிடுகின்றன. அவர் முனைவர் பட்டம் வாங்கிக் கிளம்பினால், அடுத்து வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பொதுப் பணத்தில் நடந்த வேலை இப்படி வீணாவது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

நிரலைப் பகிரும் இணையத் தளமான கிட்ஹப்பில் ஏற்றினால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. உரிமம் குறிப்பிடாத நிரலின் பதிப்புரிமை முழுக்க எழுதியவரிடமே இருக்கும். அடுத்தவர் எடுத்து மாற்றிப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை. எம்ஐடி, ஜிபிஎல் போன்ற திறந்த மூல உரிமங்களில் ஏதாவது ஒன்றின் கோப்பைச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்புறம் ஸெனோடோ. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013இல் தொடங்கிய இலவச இணையக் காப்பகம். கிட்ஹப்பை அதோடு இணைத்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். கட்டுரையைப் போலவே நிரலையும் மேற்கோள் காட்டலாம்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்கள் இன்றும் திறக்கின்றன என்றால், பழைய எழுத்துக் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு யாரோ பொறுமையாக மாற்றியதால்தான். அந்தப் பராமரிப்பு வேலைக்குத்தான் நம் ஆய்வு நிதியில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

கிண்டி, தரமணி பக்கம் ஆய்வு செய்யும் நண்பர்களே, ரீட்மீ (நிரலை விளக்கும் குறிப்பு) எழுதவோ உரிமம் தேர்ந்தெடுக்கவோ துணை வேண்டுமா? இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம்.