கொறங்காட்டில் புல் பிடிக்கும் பருவம்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடுகளில், கொழுக்கட்டைப் புல்லை முளைக்க வைப்பது பெரிய வேலையில்லை. முளைத்ததை நிலைக்க வைப்பதுதான் பாடு.

எல்லாம் வேரில் இருக்கிறது. முளைத்த நாற்றுக்கு முதலில் விதையிலிருந்து நூல் மாதிரி ஒரே வேர்தான் இறங்கும். தூர் கட்டவைக்கும் வேர்கள் தரைமட்டத்துக் கணுவிலிருந்து பிறகு கிளம்பும். அப்போது மேல்மண் 2, 3 நாளாவது ஈரமாக இருக்க வேண்டும். முதல் மழைக்குப் பச்சை கட்டிய காடு, அடுத்த மழை தள்ளிப்போனதும் கருகுவது இதனால்தான். கோடை மழையை நம்பாமல் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைப்பதே நல்லது.

ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ விதை போதும். அறுத்த புது விதை சரியாக முளைக்காது. சில மாதம் இருப்பு வைத்ததை எடுங்கள். விதை பஞ்சு போலக் காற்றில் பறக்கும், எறும்பும் இழுத்துப் போகும் என்பதால் ஈரமண்ணும் சாணமும் சேர்த்துப் பிசறித் தூவ வேண்டும். 1 செ.மீ. மண் மூடினால் போதும்.

தூவிய கையோடு, மழைக்கு முன், செம்மறிகளை ஒருதடவை ஓட்டிவிட்டால் குளம்பு விதையை மண்ணில் அமுக்கிவிடும். முளைத்த பிறகு அதே குளம்பு நாற்றை நசுக்கும். மறுபடி எப்போது மேய்க்கலாம்? மாடு நாக்கால் வளைத்து இழுப்பதுபோல் ஒரு பிடிப் புல்லைச் சுண்டி இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வந்தால் விடலாம். வேரோடு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மேடு, பள்ளம், வேலியோரம் என்று பல இடங்களில் பார்க்க வேண்டும். மேட்டில்தான் பிடிமானம் பிந்தும். முதல் வருடம் பூட்டை (புல்லின் கதிர்) முற்றி விதை உதிர்ந்த பிறகு மாடுகளை விடுவதே என் தேர்வு. செம்மறி தரையொட்டிக் கடிப்பதால் அதற்குப் பின்னால்தான்.

கொறங்காட்டில் நிற்கும் வெள்வேல மரத்தின் நெற்றைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதைத்தோல் இளகி, பட்டி போட்ட இடத்தில் மரக்கன்றுகள் முளைக்கும். வெள்ளாடு கடிக்காமலிருக்க முள் சுற்றி வைக்க வேண்டும்.

காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதை நான் ஏற்பதில்லை. பழைய தூர் தழைத்துவிடும், ஓரிரு செ.மீ. ஆழத்து விதையும் தப்பும். ஆனால் தரைமேல் கிடக்கும் விதை எரிந்துபோகும். சருகு இல்லாத கறுத்த மண் வெயிலில் கூடுதலாகச் சுடும், மழைத்துளி அடித்து மேலே ஓடு கட்டும், முளை முட்டி நிற்கும். தவறித் தீ பட்டால் அந்த மழைக்காலம் முழுக்க மேய்ச்சலை நிறுத்துங்கள். புதுத்தளிருக்கு ஆடுகள் எரிந்த இடத்தையே தேடிப் போகும். அதனால் கிளுவை வேலி கருகியிருந்தால் முதல் வேலையாக முள் வெட்டி அந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள்.