கொல்கொதாவில் அம்மா செலுத்திய பொருத்தனை

அம்மா பொருத்தனை பண்ணியது தம்பிக்காக. பிறந்ததிலிருந்தே அவனுக்கு நடக்க வராது, பேச்சும் வராது. ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் வலிப்பு வந்து நிற்கவே இல்லை. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி வராந்தாவில் அம்மா முழங்கால் போட்டு, "என் பிள்ளையைத் திருப்பித் தாரும் ஆண்டவரே, நீர் பாடுபட்ட இடத்துக்கே வந்து உமக்கு நன்றி சொல்லுவேன்" என்று ஜெபித்தார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். விடிவதற்குள் வலிப்பு நின்றது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாவின் பணத்தில் மிச்சம் பிடித்து, சீட்டும் எடுத்து, கொரோனாவுக்கு முந்தின வருடம் லெந்து என்கிற தவக்கால நாட்களில்தான் எருசலேமுக்கு, ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவுக்கு, அந்தப் பொருத்தனையைச் செலுத்தப் போக முடிந்தது. தம்பியைச் சித்தி வந்து பார்த்துக்கொண்டாள். துணைக்கு நான் போனேன்.

எனக்கென்று ஒரு பாரமும் இருந்தது. எங்கள் ஊர் டோனாவூருக்குப் பக்கம். வட இந்திய ஊழியத்துக்கு ஆட்களை அனுப்பிப் பழகின சபைகள் எங்களுடையவை. 1903-லேயே திருநெல்வேலிக்காரர்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு வாலிபர் முகாமில் நானும் எழுந்து நின்று என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். அதற்காகவே நர்சிங் படித்தேன். படிப்பு முடியும் முன் அப்பா தவறிவிட்டார்கள். தம்பி ஆளாக வளர்ந்துவிட்டான். அவனைத் தூக்கிக் குளிப்பாட்ட அம்மா ஒருத்தியால் முடியாது. அதனால் ஊரிலேயே இருந்துவிட்டேன். தேவன் உன்னை ஒரு நோக்கத்தோடு படைத்திருக்கிறார், அதை நிறைவேற்றினாயா என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். என் ஓட்டம் தொடங்காமலே நின்றுவிட்டதோ என்ற எண்ணம் என்னை விட்டதில்லை.

கெய்ரோ, சீனாய், தாபா எல்லை, பெத்லகேம் என்று எல்லாக் குழுக்களும் போகிற வழிதான். அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. டிராவல்ஸ்காரர் பணம் வாங்கும்போது காட்டின ஹோட்டல் வேறு, தங்க வைத்தது வேறு. டிப்ஸ் என்று டாலராக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லையில் அம்மாவை மணிக்கணக்கில் நிற்க வைத்தார்கள், உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஒவ்வொரு இடத்திலும் "இருபது நிமிஷம்தான்" என்று விரட்டினதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் காத்திருந்து வந்தவர்களுக்கு இருபது நிமிஷம் எப்படிப் போதும்?

ஒலிவ மலையில் பரமண்டல ஜெபம் எத்தனையோ மொழிகளில் ஓடுகளில் எழுதி வைத்திருக்கிற ஆலயத்தில் தமிழைக் கண்டதும் எல்லாரும் பிள்ளைகளாகிவிட்டோம். அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்கள். கெத்செமனேயில் பழைய ஒலிவ மரங்களைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

அதற்கடுத்துப் பெதஸ்தா. சிங்க வாசல் வழியாகப் பழைய நகரத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் பரிசுத்த அன்னாள் ஆலயம். சிலுவைப் போர்க் காலத்தில் கட்டினது. உள்ளே நின்று பாடினால் கல் சுவரெல்லாம் சேர்ந்து பாடும். எங்கள் குழுவும் ஒரு கீர்த்தனை பாடியது. அந்த வளாகத்துக்குள்ளேதான் தோண்டி எடுத்த பெதஸ்தா குளம் இருக்கிறது. கீழே வெகு ஆழத்தில் இடிந்த சுவர்களும் வளைவுகளும் தெரிகின்றன. குழுவோடு வந்திருந்த ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) யோவான் சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். முப்பத்தெட்டு வருடம் வியாதியாய்க் கிடந்து, கடைசியில் இயேசு சுகமாக்கின மனுஷன். இந்தத் தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம் கிடைக்கும் என்று அன்றைக்கு நம்பினார்கள். தண்ணீர் கலங்கும்போது என்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவருமில்லை என்று இயேசுவிடம் சொன்னவன்.

இந்த இடத்தில் அம்மா அழுவார்கள், தம்பிக்குச் சுகம் கேட்டு மன்றாடுவார்கள் என்று நினைத்து அவர்கள் தோளில் கை வைத்தேன். அம்மா அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏளா, அந்த மனுஷனுக்கு ஒருத்தரும் இல்லாம போச்சு. நம்ம பிள்ளைக்கு நீ இருக்கியே" என்றார்கள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார், குழு நகர்ந்தது. எனக்குக் கால் வரவில்லை. அத்தனை வருடமும் அந்த வசனத்தைச் சுகம் கிடைத்ததைப் பற்றியதாகவே வாசித்திருந்தேன். அவனைத் தூக்க ஆள் இல்லை என்பதுதான் முதலில் அவன் சொன்ன துக்கம். அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வியா டோலோரோசா தொடங்குகிறது. நம் ஆண்டவர் சிலுவை சுமந்துபோன பாடுகளின் பாதை. அறுநூறு மீட்டர் அளவுதான். அவர் பாடுகளை நினைத்து நின்று ஜெபிக்கிற பதினாலு நிலைகளில் ஒன்பது தெருவில், மீதி கொல்கொதாவும் ஆண்டவருடைய கல்லறையும் இருக்கிற கல்லறை ஆலயத்துக்குள். ஒரு மரச்சிலுவையைக் கொடுத்து ஆளுக்குக் கொஞ்ச தூரம் சுமக்கச் சொன்னார்கள். அம்மாவும் முனையைப் பிடித்துக்கொண்டார்கள். தெரு முழுக்கக் கடைகள். மசாலா மூட்டை, இனிப்பு, பனியன், முள்முடிகூடத் தொங்கவிட்டு விற்கிறார்கள். தள்ளுவண்டிக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு இடித்துத் தள்ளிப் போனார்கள். ஒரு கேமராக்காரர் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே படம் எடுத்துத் தள்ளினார், சாயங்காலம் அதையே டாலருக்கு விற்க வந்தார். ஒருவர் அம்மாவின் கையில் ஜெபமாலையைத் திணித்துவிட்டுக் காசு கேட்டு விடாமல் பின்னாலேயே வந்தார். ஒரு பாட்டை முழுதாகப் பாட முடியவில்லை. ஆனாலும் ஒன்று தோன்றியது. அன்றைக்கும் பஸ்கா பண்டிகைக் கூட்டம், வியாபாரம், சத்தம் எல்லாம் இருந்திருக்கும். ஆண்டவர் ஒரு அமைதியான இடத்தில் பாடுபடவில்லை.

ஐந்தாம் நிலை ஒரு திருப்பத்தில் இருக்கிறது. பிரான்சிஸ்கன் சபையார் 1895-ல் கட்டின சின்னச் சிற்றாலயம். அதுவரை ஓரளவு சமமாக வந்த வழி அங்கேதான் வலது பக்கம் திரும்பிப் படிப்படியாக மேலே ஏறுகிறது. சுவரில் ஒரு கல், கை வைத்துக் கை வைத்தே குழிந்துபோயிருக்கிறது. ஆண்டவர் கை ஊன்றின இடம் என்று பாரம்பரியமாகச் சொல்கிறார்கள். சிரேனே ஊர் சீமோனிடம் சிலுவையை ஏற்றின இடம் இது.

சீமோன் இன்றைய லிபியாவில் இருந்த ஊரைச் சேர்ந்தவன். நாட்டுப்புறத்திலிருந்து தன் வேலையாக வந்துகொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பலவந்தம்பண்ணினார்கள் என்றுதான் மாற்கு எழுதுகிறார். அவன் முகாமில் எழுந்து நிற்கவில்லை, ஒப்புக்கொடுத்தல் பண்ணவில்லை. வழியில் போனவன் தோளில் பாரம் வந்து விழுந்தது, அவன் சுமந்தான். அவன் பிள்ளைகள் அலெக்சந்தர், ரூப்பு இருவர் பெயரையும் மாற்கு சொல்கிறார். சபைக்கு அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். பவுல் ரோமருக்கு எழுதும்போது வாழ்த்துச் சொல்கிற ரூப்பு இவனாகவே இருக்கலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதே வசனத்தில் ரூப்புவின் தாயை எனக்கும் தாய் என்கிறார் பவுல். தோளில் கட்டாயமாக வந்த ஒரு சிலுவை ஒரு வீட்டையே ஆசீர்வாதமாக்கியிருக்கிறது!

டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொண்டேன். அவர்கள் முதலில் போனது ஜப்பானுக்கு. அங்கே உடம்பு தாங்காமல் திரும்பி, 1895-ல் இந்தியா வந்தார்கள். பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று திட்டம் போட்டு வரவில்லை. 1901-ல் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று அவர்களிடம் வந்து சேர்ந்தது. அங்கே தொடங்கியதுதான் அவ்வளவும். 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு 1951-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும் வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார்கள். அந்த அறையிலிருந்தும் எழுதினார்கள், ஜெபித்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அந்தத் திருப்பத்தில் நிற்கும்போதுதான் எனக்காகக் கேட்டேன்.

மேலே ஏற ஏற அம்மாவுக்கு முட்டு வலி தாங்கவில்லை. கடைத் திண்ணைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். கல்லறை ஆலயத்தின் பெரிய கதவுக்குள் நுழைந்ததும் வலது கை பக்கம் செங்குத்தான கல்படிகள். கொல்கொதா அதன் மேல்தான். தேய்ந்து வழுக்குகிற படிகள், பின்னாலிருந்து தள்ளுகிற கூட்டம். அம்மாவுக்கு ஒவ்வொரு படியும் மலையாக இருந்தது. தம்பியைத் தூக்குவதுபோலவே அம்மாவின் கக்கத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். பழகின கைதானே. "இயேசுவே, இயேசுவே" என்று சொல்லிச் சொல்லி ஏறினார்கள்.

மேலே இரண்டு பீடங்கள். வலது பக்கம் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடம், இடது பக்கம் சிலுவை நின்ற இடம். இடது பக்கத்துக்குத்தான் வரிசை. வரிசை என்று பெயர்தான், இடையில் புகுந்துகொண்டே இருந்தார்கள். பெரிய குழு ஒன்று எங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் போனது. அம்மா நிற்க முடியாமல் என் மேல் சாய்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடிக்குக் கீழே கொல்கொதாவின் பாறை தெரிகிறது. பீடத்துக்கு அடியில் குனிந்து, முழங்காலில் நகர்ந்துதான் போக வேண்டும். அங்கே ஒரு வெள்ளித் தட்டு, நடுவில் துவாரம். அதற்குள் கை விட்டால் பாறையைத் தொடலாம்.

அம்மா முழங்காலில் போனார்கள். அந்த முழங்காலோடு எப்படிப் போனார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கையை உள்ளே விட்டார்கள். தம்பியின் பெயரைச் சொன்னார்கள். "கொண்டுவந்துட்டேன் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றார்கள். சுகம் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அங்கே நின்ற குருவானவர் சீக்கிரம் சீக்கிரம் என்று கையைத் தட்டினார். அம்மா எழுந்திருக்கவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் வந்துகொண்டே இருந்தது.

என் முறை வந்தபோது நான் மனதில் எழுதி வைத்திருந்த விண்ணப்பங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. பாறை குளிர்ந்து இருந்தது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைகளில் வருடா வருடம் கேட்ட, ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதுதான் உள்ளே எழுந்தது. "அதோ, உன் தாய்." இதற்காகவே இந்த வேளைக்குள் வந்தேன் என்று சொன்னவர் அவர். உலகத்தின் பாவத்தையெல்லாம் சுமந்து, பிதா தந்த நோக்கத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்த அந்த வேளையில், உயிர் போகிற அந்த வேதனையில், தன் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்தார். தன் சீஷனிடம் அதற்கு ஏற்பாடு பண்ணிவிட்டுத்தான் "முடிந்தது" என்றார். வீட்டு வேலை வேறு, பிதாவின் வேலை வேறு என்று அவர் சிலுவையில் பிரித்து வைக்கவில்லை. நான்தான் இத்தனை வருடமும் பிரித்து வைத்து அழுதுகொண்டிருந்தேன். காலையில் தம்பிக்குக் கஞ்சி ஊட்டுகிறது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறது, ராத்திரி அவன் மூச்சைக் கவனிக்கிறது எல்லாம் ஊழியம் தவறிப்போனதால் மிஞ்சின வேலை என்று எண்ணியிருந்தேன். ஆண்டவரே, எனக்கு நீர் வைத்திருந்ததே இதுதான். நர்சிங் படிக்க வைத்ததும் இதற்குத்தான். என் கண்ணை நீர் அந்தப் பாறையில் திறந்தீர். உமக்கு எப்படி நன்றி சொல்லுவேன்!

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. படியில் இறங்கும்போது இருவருமே அழுதுகொண்டிருந்தோம். கல்லறைக்குள் போக அன்றைக்கு எங்களுக்கு நேரம் தரவில்லை. எனக்கு அதில் வருத்தம் வரவில்லை.

மறுநாள் தமஸ்கு வாசலுக்கு வெளியே, ஆண்டவரை அடக்கம் பண்ணினது இங்கேதான் என்று சிலர் எண்ணுகிற தோட்டக் கல்லறையில் ஐயர் திருவிருந்து பரிமாறினார். ஒலிவ மரத்தில் கடைந்த சின்னக் கிண்ணத்தில் திராட்சரசம். அந்தத் தோட்டத்தில் மட்டும் யாரும் எங்களை விரட்டவில்லை. அம்மா கிண்ணத்தைத் துடைத்துத் தம்பிக்கென்று சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

முட்டு வலிக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கல்லறை ஆலயத்துக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் குறைவு. படியேற ஒரு ஆள் பின்னாலும் ஒரு ஆள் முன்னாலும் வேண்டும். நேரம் எவ்வளவு தருவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பிக்கு இந்த மாதம் சளி கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. ஜெபத்தில் அவனை நினைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் முழங்காலையும்.