இருட்டறையில் எங்கள் இரசாயனவியல் சேர்

சேர் காலமான செய்தி வந்த அன்று, எங்கள் வகுப்பு நண்பர்கள் அவருடைய உப்புப் பகுப்பையும் வெண்கட்டி எறியையும் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நினைவு வந்தது அவருடைய விரல் நுனிகள். வெள்ளி நைத்திரேற்று பட்ட கறை என்றுதான் நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம். ஆய்வுகூடத்துக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறையில் இரவிரவாகப் படம் கழுவியதால் வந்த கறை அது என்று, அந்த அறைக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கெல்லாம் அவர் ‘இரசாயனவியல் மாஸ்டர்’. அந்தப் பெயரே ஒரு மரியாதை. அப்படிப்பட்டவர் பழைய கமெரா ஒன்றை வாங்கிக்கொண்டு, மாலை நேரங்களில் ஒரு ஸ்டூடியோவில் போய் நின்றார். ஸ்டூடியோக்காரர் அவரிடமே படித்தவர். சேர் அவருக்குப் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவினார், மருந்து கலக்கினார், படம் கெட்டபோது திருத்தக் கேட்டுக்கொண்டார். “இந்த வயதில், இந்தப் பதவியில் இருந்துகொண்டு இது தேவையா?” என்று ஆசிரியர் அறையிலேயே பேச்சு வந்தது. அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்களை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார்.

வர்த்தகப் பிரிவில் இருந்த என்னை அவர் கூப்பிட்டது, படக் கழகத்தின் கணக்கை எழுதத்தான். ஒருநாள் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை மருந்துக்குள் விட்டு, இடுக்கியை என் கையில் தந்தார். முதலில் தலைமுடி கறுத்து வந்தது, பிறகு கண், அப்புறம் முழு முகமும். எங்கள் காவலாளி ஐயாவின் முகம். “அவசரப்படாதையும், இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும்” என்றார். பிறகு ஹைப்போ என்ற, படத்தை நிலைக்கச் செய்யும் கரைசலில் போட்டு, ஒளி படாத வெள்ளி உப்பு எப்படிக் கரைந்து போகிறது என்று விளக்கினார். வகுப்பில் சொன்ன அதே தாக்கம்தான். அவர் தன் பாடத்தை விட்டு வெளியே போகவில்லை, அதையே இன்னொரு வாசல் வழியாகக் கொண்டுபோனார்.

அந்த அறையில்தான் ஜோர்ஜ் ஈஸ்ட்மனைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு சேமிப்பு வங்கியில் எழுதுவினைஞர். பகலில் வங்கி, இரவில் தாயின் சமையலறையில் படத் தகட்டுக்குப் பூசும் கலவை. 1881இல் வங்கி வேலையை விட்டார். 1888இல் அவருடைய கொடாக் கமெரா வந்தது. “தம்பி, வங்கியில் இருந்த ஆட்களுக்கு அவர் ஒரு கணக்குப்பிள்ளை. அவர்களிடம் போய்க் கேட்டிருந்தால் கமெராவா வந்திருக்கும்? நீரும் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டும். எடுக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரியாதையும்.”

வெளிநாட்டில் கணக்காளனாக நன்றாகவே வாழ்ந்தேன். ஆனால் அலுவலகத்தில் எந்தப் புது வேலை வந்தாலும், ‘அவர் கணக்குப் பகுதி’ என்று என்னைத் தாண்டிப் போய்விடும். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, அவர்கள் பார்த்தது அதைத்தான். சேரின் பேச்சு நினைவு வர, சிறு தொழில் தொடங்குவோருக்கு வார இறுதியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வகுப்பொன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். பாடக் குறிப்புகளை நானே படம் போட்டு எழுதினேன். அங்கே எப்போதாவது வந்துபோன ஒருவர் அந்தக் குறிப்புகளைப் பார்த்துவிட்டுத்தான், பயிற்சிப் பாடங்கள் தயாரிக்கும் வேலைக்கு என்னை அழைத்தார். இன்றுவரை அதுதான் என் தொழில். கணக்கு என்னை விட்டுப் போகவில்லை, அந்தப் பாடங்களுக்கு அடித்தளமே அதுதான்.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு உதவியது இடைக்கிடை அல்லது அரிதாகச் சந்தித்த ஆட்கள். நம்மோடு தினமும் இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். அதோடு, அவர்கள் நமக்கு முன்பே ஒரு பெயரும் வைத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற பின் சேர், மங்கிப்போன குடும்பப் படங்களை மீட்டுக் கொடுக்கத் தொடங்கினாராம். தேடி வந்தவர்களில் பலருக்கு அவர் ஆசிரியராக இருந்ததே தெரியாது. ‘படக்கார ஐயா’ என்றுதான் கேட்டு வருவார்களாம். எனக்குப் போட்ட கடிதத்தில் அதை அவ்வளவு சந்தோசமாக எழுதியிருந்தார்.

உயர்தரம் முடிந்த கையோடு நான் புறப்பட்டுவிட்டேன். வர்ணப் படம் கழுவுவதை அடுத்த தவணையில் காட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் அதையும் அவரிடம் கற்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்திருக்கலாம் என்று இப்போது மனம் கேட்கிறது.